ஆறு வருட ஒப்பந்தம் யாரைக் கட்டிப்போடுகிறது?

ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவர் அமெரிக்கக் கறுப்பினத்தவர், கல்லூரிவரை அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். மகனுக்கு 20 வயது. பல்கலைக்கழக அணியில் மூன்றாம் ஆண்டு ரன்னிங் பேக், அதாவது பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணி ஆட்களின் மோதலுக்கு நடுவே முன்னேறுகிறவன். போன வருடம் கணுக்காலில் ஓர் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது.

"வரும் ஜனவரியில் என்எஃப்எல் டிராஃப்டுக்கு, அதாவது தொழில்முறை லீகின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு, பெயர் கொடுப்பதா, இன்னும் ஒரு வருடம் கல்லூரியில் இருப்பதா என்று வீட்டில் தினமும் வாக்குவாதம். 'நாலு வருடம் நன்றாக ஆடினால் எசெக்கியல் எலியட்டுக்குக் கொடுத்த மாதிரி 6 வருடத்துக்கு 9 கோடி டாலர் கொடுப்பார்கள்' என்கிறான் மகன். இப்போதெல்லாம் அணிகள் அப்படி நீண்ட ஒப்பந்தம் தருவதில்லை, இது அநியாயம், வழக்குப் போட இடமிருக்கும் என்கிறார் என் வீட்டுக்காரர். ஐடியில் இருக்கும் என் தம்பியோ, 'ரன்னிங் பேக் காலம் முடிஞ்சுபோச்சு அக்கா, வேற இடத்துல ஆடச் சொல்லு, இல்லேன்னா படிக்கச் சொல்லு' என்கிறான். இதற்கிடையில் ஒருவர் வீட்டுக்கே வந்து, இப்போதே 4 லட்சம் டாலர் தருகிறோம், பிற்காலத்தில் என்எஃப்எல் சம்பளத்தில் 12 சதவீதம் கொடுத்தால் போதும் என்று ஒரு பேப்பரைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு இந்த விளையாட்டே பாதிதான் புரியும். அணிகள் நீண்ட ஒப்பந்தம் தரவேண்டுமா, வேண்டாமா? என் மகன் எதை நம்பிப் போகிறான்?"

அன்புள்ள சகோதரி,

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நட்சத்திர ரன்னிங் பேக்குக்கு அணிகள் நல்ல பணம் தரவேண்டும், அதையும் 24, 25 வயதிலேயே தரவேண்டும். ஆனால் ஐந்து, ஆறு வருட ஒப்பந்தம் தரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அணிக்கு அது ஆபத்து. உங்கள் மகனுக்கும் அவன் நினைக்கிற அளவு லாபம் அதில் இல்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்பந்தம் எத்தனை வருடம் என்பதையே பேசுகிறீர்கள். வேலை ஒப்பந்தங்களைப் படிப்பதே என் தொழில் என்பதால் சொல்கிறேன்: அந்தப் பேப்பரில் கடைசியாகப் பார்க்கவேண்டிய எண் அதுதான்.

காகிதத்தில் 9 கோடி

மகன் சொல்லும் எலியட் கதையை முழுதாகப் பார்ப்போம். 2016 டிராஃப்டில் நான்காவது ஆளாக டாலஸ் கவ்பாய்ஸ் அணி அவரை எடுத்தது. 2019-ல் பயிற்சி முகாமுக்கு வராமல் மெக்சிகோவில் தங்கிவிட்டார். செப்டம்பரில் அணி இறங்கிவந்தது. ஏற்கெனவே மீதமிருந்த 2 வருடத்துக்கு மேல் இன்னும் 6 வருடம், 9 கோடி டாலர். ஆக 2026 வரை. அதில் உத்தரவாதம் என்று அறிவிக்கப்பட்டது 5 கோடி. அந்த முதல் வருடம் 1,357 யார்டு ஓடினார். 2022-ல் அது 876-ஆகக் குறைந்தது. 2023 மார்ச்சில் அணி அவரை விடுவித்தது. எட்டு வருடத்தில் ஆடியது நான்கு. பின்வருடங்களுக்கு எழுதியிருந்த பணம் அவர் கைக்கு வரவில்லை.

என்எஃப்எல் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் கட்டும் ஒப்பந்தம். 6 வருடத்துக்கு வீடு வாடகைக்கு விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பவர் எந்த வருடமும் காலி செய்துவிட்டுப் போகலாம். நீங்கள் மட்டும் ஆறு வருடமும் வாடகையை ஏற்றவும் கூடாது, வேறு ஆளுக்கு விடவும் கூடாது. அணி குடியிருப்பவர், வீரர் வீட்டுக்காரர். அணி விடுவித்தால் உத்தரவாதம் தந்த பகுதியை மட்டும் கொடுத்தால் போதும். வீரரோ தன் மதிப்பு கூடினாலும் வெளியே போகமுடியாது.

டாட் கர்லியைப் பாருங்கள். உங்கள் ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். 2018 ஜூலையில் ராம்ஸ் அணி அவருக்கு 4 வருடம், 5.75 கோடி டாலர் நீட்டிப்பு கொடுத்தது, உத்தரவாதம் 4.5 கோடி. அந்த சீசனில் 21 தடவை பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்து டச்டவுன் அடித்தார். அப்புறம் முழங்கால் கெட்டது. 2020 மார்ச்சில் ராம்ஸ் அவரை விடுவித்தபோது வயது 25. நீட்டிப்பு வருடங்கள் தொடங்கவே இல்லை. இன்னோர் அணியில் ஒரு சீசன் ஆடினார், அத்தோடு முடிந்தது.

கர்லிக்கு நஷ்டம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். உத்தரவாதத்தைக் கெட்டியாக எழுதி வாங்கியிருந்ததால் அவர் தப்பித்தார். அடி வாங்கியது அணி. ஆகவே உங்கள் மகனுக்கு என்றாவது அந்த நாள் வந்தால் அவன் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. கையெழுத்திடும் அன்றே முழு உத்தரவாதம் எவ்வளவு? அந்த உத்தரவாதம் காயத்துக்கு மட்டுமா, அல்லது 'ஆட்டம் போதவில்லை, பட்ஜெட் இடிக்கிறது' என்று அனுப்பினாலும் உண்டா? அடுத்த வருடப் பணம் எந்தத் தேதியில் உறுதியாகிறது? பல ஒப்பந்தங்களில் அந்தத் தேதி மார்ச் மாதத்தில் இருக்கும். வேண்டாம் என்றால் அணி அதற்கு முன்பே விடுவித்துவிடும்.

2024 மார்ச்சில் இரண்டு ஒப்பந்தங்கள் ஒரே வாரத்தில் வந்தன. ஜாஷ் ஜேக்கப்ஸ் கிரீன் பே பேக்கர்ஸில் 4 வருடம், 4.8 கோடி டாலர். சேக்வான் பார்க்லி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸில் 3 வருடம், 3.775 கோடி. எது பெரியது என்று உங்கள் மகனைக் கேளுங்கள், ஜேக்கப்ஸ் என்பான். ஜேக்கப்ஸுக்கு உத்தரவாதம் 1.25 கோடி, பார்க்லிக்கு 2.6 கோடி. நான் பார்க்லியின் பேப்பரில்தான் கையெழுத்திடச் சொல்லியிருப்பேன்.

அணிகள் ஏன் தயங்குகின்றன

உங்கள் கணவருக்கு இந்தப் பகுதி கசக்கும். ஆனாலும் அணி நிர்வாகியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் பேரம் புரியும். ஒவ்வோர் அணிக்கும் சம்பளத்துக்கு ஒரே உச்சவரம்பு, 2024-ல் அது 25.54 கோடி டாலர். கையெழுத்து போனஸை அந்த வரம்புக் கணக்கில் ஐந்து வருடம்வரை பிரித்து எழுதலாம். வீரரை இடையில் விடுவித்தால் எழுதாமல் மிச்சமிருக்கும் பங்கு முழுக்க வரம்புக்குள் வந்து உட்காரும். இதை டெட் மணி என்கிறார்கள். ஆடாத ஆளுக்காக, ஆடுகிற ஆளுக்குத் தரவேண்டிய இடம் அடைபட்டுப்போகும்.

இத்தோடு உடம்பின் கணக்கும் சேர்கிறது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் 35 வயதிலும் ஆடலாம். ரன்னிங் பேக்கோ ஒவ்வோர் ஆட்டத்திலும் இருபது தடவைக்கு மேல்கூட மோதல் வாங்குகிறார். 27, 28 வயதில் பலருடைய வேகம் குறைந்துவிடுகிறது. மலிவான மாற்று ஆளும் கிடைக்கிறார். 2022 டிராஃப்டின் ஏழாவது சுற்றில், 251-வது ஆளாக வந்த ஐசையா பச்செகோ, அந்த சீசனிலேயே கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியோடு லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை வென்றார். இதைப் பார்க்கிற நிர்வாகி, ஒரு ரன்னிங் பேக்குக்கு ஏன் 6 வருடம் என்று கேட்பது இயல்புதான்.

ஆனால் உங்கள் தம்பி சொல்வதுபோல இந்த இடத்தின் காலம் முடிந்துவிடவில்லை. கிறிஸ்டியன் மெக்காஃப்ரி கதையை நான் அடிக்கடி நினைத்துப்பார்ப்பேன், இரு பக்கத்துக்கும் அதில் விஷயமிருக்கிறது. 2020-ல் கரோலினா பாந்தர்ஸ் 4 வருடத்துக்கு 6.4 கோடி டாலர் கொடுத்தது. காயத்தால் 2020-ல் 3 ஆட்டம், 2021-ல் 7 ஆட்டம் மட்டுமே ஆடினார். பணம் வீண் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். 2022 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாற்றப்பட்டார். 2023-ல் லீகிலேயே அதிகமாக 1,459 யார்டு ஓடி, ஆண்டின் சிறந்த தாக்குதல் வீரர் விருதும் வாங்கினார். அந்த அணி மறுபடி நீட்டிப்பு கொடுத்த 2024-ல் 4 ஆட்டம்தான் ஆட முடிந்தது. அதே ஆள், அதே திறமை. எந்த வருடம் எந்த மெக்காஃப்ரி வருவார் என்று யாராலும் சொல்லமுடியவில்லை. திறமையை நம்பலாம், நீண்ட காலத்தை நம்பமுடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பார்க்லி 2024-ல் 2,005 யார்டு ஓடினார். ஈகிள்ஸ் சூப்பர் பவுல் வென்றது. 2025 மார்ச்சில் இன்னும் 2 வருடத்துக்கு 4.12 கோடி டாலர் நீட்டிப்பு. வருடத்துக்கு 2 கோடி டாலரைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக் அவர்தான். கவனியுங்கள், அவருக்குப் பணம் அள்ளிக் கொடுத்த அணியும் முதலில் 3 வருடம், அப்புறம் 2 வருடம் என்றுதான் கொடுத்தது. முன்னால் வழி திறந்துவிடும் ஆஃபென்சிவ் லைன் அந்த அணியில் அப்போது மிகச் சிறந்ததாக இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. வலுவான லைன் இல்லாத அணி ரன்னிங் பேக்குக்குப் பெரும்பணம் கொடுத்தால் அந்தப் பணம் அங்கேயே வீணாகும்.

அநியாயம் இருக்கிறது, வேறு இடத்தில்

உங்கள் கணவரின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை இரண்டாவது ஒப்பந்தத்தின் மேல் காட்டாமல் முதல் ஏழு வருடத்தின் மேல் காட்டவேண்டும்.

அணிகளும் வீரர் சங்கமும் போட்ட 2011 கூட்டு ஒப்பந்தத்திலிருந்து டிராஃப்டில் வரும் புதியவருக்குச் சம்பள அட்டவணை இருக்கிறது. 4 வருடம். எத்தனை நட்சத்திரமாக ஆடினாலும் மூன்று சீசன் முடியும்வரை அந்த ஒப்பந்தத்தைத் திருத்தவே கூடாது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரை ஐந்தாவது வருடமும் வைத்துக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு. அதற்கு மேல் ஃபிரான்சைஸ் டேக் என்று ஒன்று. அணி அதை மாட்டினால், வீரர் அதே அணியில் நிர்ணயித்த ஒரு வருடச் சம்பளத்துக்கு ஆடவேண்டும், இல்லையென்றால் உட்காரவேண்டும். அடுத்த வருடமும் 20 சதவீதம் கூட்டிக்கொடுத்து மறுபடி மாட்டலாம். 21 வயதில் உள்ளே போகிறவரை 28 வயதுவரை வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ரன்னிங் பேக்கின் உடம்பில் சரக்கு இருக்கும் வருடங்கள் அனைத்தும் அதற்குள் முடிந்துவிடும். அப்புறம் அணி, 'உனக்கு வயதாகிவிட்டது' என்று சொல்லும்.

பார்க்லிக்கு நியூயார்க் ஜயன்ட்ஸில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். 2018 டிராஃப்டில் இரண்டாவது ஆள். நாலு வருடம், ஐந்தாவது வருட உரிமை, 2023-ல் டேக். அந்த வருடம் ரன்னிங் பேக் டேக் 1 கோடி டாலருக்குச் சற்று மேல். எறிந்த பந்தைப் பிடிக்கும் வைடு ரிசீவருக்கு 1.97 கோடி. பந்தை உதைக்க மட்டும் வரும் கிக்கர், பன்ட்டர்களை விட்டுவிட்டால் ரன்னிங் பேக்குக்குத்தான் ஆகக் குறைவு. பார்க்லி, ஜேக்கப்ஸ், டோனி பொல்லார்ட் மூவருக்கும் டேக் மாட்டப்பட்டது. நீண்ட ஒப்பந்தம் பேசி முடிக்க இருந்த ஜூலைக் கெடு முடிந்தபோது ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை. இன்னொரு ரன்னிங் பேக்கான ஆஸ்டின் எக்லர் முயற்சியில் முன்னணி ரன்னிங் பேக்குகள் ஜூம் அழைப்பில் கூடிப் பேசினார்கள். பேச்சோடு நின்றது.

வழக்குப் போடலாமா என்கிறீர்கள். இந்த விதிகளை அணிகள் தனியாகத் திணித்திருந்தால் போட்டிச் சட்டத்தின்கீழ் கேட்டிருக்கலாம். ஆனால் வீரர் சங்கமே பேரம் பேசி ஒப்புக்கொண்ட விதிகள் இவை. அப்படிப் பேசி முடித்தவற்றைப் பெரும்பாலும் நீதிமன்றம் தொடாது. மாரிஸ் கிளாரெட் என்ற ரன்னிங் பேக்கே இதைச் சோதித்துப் பார்த்தார். பள்ளி முடித்து 3 வருடம் ஆகாமல் டிராஃப்டுக்கு வரக்கூடாது என்ற விதியை எதிர்த்து முதல் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2004-ல் மேல்முறையீட்டில் தோற்றார். இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2020-ல் வீரர்கள் வாக்களித்து வந்தது. ஆதரவு 1,019, எதிர்ப்பு 959. அவ்வளவு நெருக்கம். 2030 சீசன்வரை அது செல்லும். புதியவர்களுக்குக் குறைத்துக் கொடுத்தால் மூத்தவர்களுக்கு இடம் கிடைக்கும் என்பது சங்கத்தில் வாக்குள்ள மூத்தவர்களின் கணக்கு. டிராஃப்டுக்கு வரப்போகும் பையனுக்கு அங்கே வாக்கு இல்லை. என் பார்வையில் இதுதான் இந்த விஷயத்தின் பெரிய அநியாயம். மூன்று சீசன் வரையறையை ரன்னிங் பேக்குக்காவது இரண்டாகக் குறைக்கச் சொல்லி அடுத்த பேரத்தில் சங்கம் போராடவேண்டும்.

டேக் மாட்டினால் உட்கார்ந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், லெவியான் பெல்லை நினைவுபடுத்துங்கள். 2018-ல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் தந்த 1.45 கோடி டாலர் டேகை மறுத்து முழு சீசனும் வெளியே இருந்தார். அடுத்த மார்ச்சில் நியூயார்க் ஜெட்ஸில் 4 வருடம், 5.25 கோடி என்று கையெழுத்திட்டார். 2020 அக்டோபரில் அந்த அணியே விடுவித்தது. விட்டுக்கொடுத்த ஒரு வருடச் சம்பளம் திரும்பி வரவில்லை.

உங்கள் மகன் இப்போது என்ன செய்யலாம்

முதல் வேலை, பயிற்சியாளர் மூலமாக என்எஃப்எல் ஆலோசனைக் குழுவின் மதிப்பீட்டைக் கேட்டு வாங்குவது. முதல் சுற்று, இரண்டாம் சுற்று, அல்லது கல்லூரியிலேயே இரு என்று சொல்வார்கள். முதல் இரண்டில் ஒன்று வந்தால் போகட்டும் என்பேன். ரன்னிங் பேக் கல்லூரியில் வாங்கும் ஒவ்வொரு மோதலும் பின்னாளில் விற்கவேண்டிய சரக்கிலிருந்து கழிகிறது. கர்லிக்கு 2014-லும் நிக் சப்புக்கு 2015-லும் கல்லூரி ஆட்டத்திலேயே முழங்கால் போனது, இருவருமே உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில்தான் ஆடினார்கள். 'கல்லூரியில் இரு' என்று வந்தால் இருக்கட்டும். முன்போல வெறுங்கையோடு இருக்கவேண்டியதில்லை. 2025 ஜூன் நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு பல்கலைக்கழகங்களே வீரர்களுக்குப் பணம் தரலாம். 2025-26 கல்வியாண்டில் ஒரு பல்கலைக்கழகம் 2.05 கோடி டாலர்வரை எல்லா விளையாட்டு வீரர்களுக்குமாகப் பகிரலாம். இருக்கச் சொன்னால் எவ்வளவு தருவீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கூடவே, காயத்தால் டிராஃப்ட் மதிப்பு குறைந்தால் ஈடுகட்டும் காப்பீட்டுக்கு யார் பணம் கட்டுவது என்பதையும் பேசுங்கள். பட்டப்படிப்பு முடியும் தறுவாயில் இருந்தால் அதுவும் ஒரு காரணம்தான்.

தம்பி சொல்வதுபோல இடம் மாறுவது 20 வயதில் லேசில்லை. ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. பாஸ் பிடிக்கவும், குவார்ட்டர்பேக்கைக் காக்க எதிரணி ஆளைத் தடுத்து பிளாக் செய்யவும் கற்ற ரன்னிங் பேக்கை அணி எளிதில் வெளியே உட்காரவைக்காது. மெக்காஃப்ரி 2019-ல் ஓடியும் ஆயிரம் யார்டு, பிடித்தும் ஆயிரம் யார்டு. அந்த ஒரு வருடம்தான் அவர் பேரத்தின் அடித்தளம்.

ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பேப்பருக்கு வருகிறேன். தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள். மகன் டிராஃப்ட் ஆகாவிட்டால் பணத்தைத் திருப்பித் தரவேண்டாம் என்பது அதில் கவர்ச்சி, அதை நான் மறுக்கவில்லை. மறுபக்கம் பாருங்கள். 2023 டிராஃப்டில் எட்டாவது ஆளாக வந்த ரன்னிங் பேக் பிஜான் ராபின்சனின் முதல் ஒப்பந்தம் 4 வருடத்துக்குச் சுமார் 2.2 கோடி டாலர். அதில் 12 சதவீதம் சுமார் 26 லட்சம். இன்று வாங்கும் 4 லட்சத்துக்கு அது விலை, அதுவும் முதல் ஒப்பந்தத்துக்கு மட்டும். சங்கம் அங்கீகரித்த ஏஜென்ட் வீரரின் ஒப்பந்தத்தில் அதிகபட்சம் 3 சதவீதம்தான் வாங்கமுடியும். இது அதைப்போல் நான்கு மடங்கு, கூடவே ஏஜென்டுக்குத் தனியாகக் கொடுக்கவேண்டும். 2022-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழக வீரர் ஒருவர் சுமார் 4.36 லட்சம் டாலருக்கு, 25 வருடத்துக்கு வரிக்கு முந்தைய என்எஃப்எல் வருமானத்தில் 15 சதவீதம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, டிராஃப்ட் ஆன பிறகு அதைச் செல்லாததாக்கக் கோரி நீதிமன்றம் போனார். உங்கள் பேப்பரில் எத்தனை வருடம் என்று நீங்கள் எழுதவில்லை. தேடிப்பாருங்கள், அது இரண்டாவது, மூன்றாவது ஒப்பந்தத்தையும் பிடிக்கும்படிதான் எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏஜென்ட் விஷயத்தில் இன்னொன்று. என்எஃப்எல் ஒப்பந்தத்துக்காக ஓர் ஏஜென்டை அமர்த்த ஒத்துக்கொண்டால், வாய்வார்த்தையாக இருந்தாலும், கல்லூரியில் ஆடும் தகுதி போய்விடலாம். விளம்பர வருமானத்துக்கு ஆள் வைப்பது தனி, அதற்கு அனுமதி உண்டு. யாராவது வீட்டுக்கு வந்தால் இரண்டில் எதற்காக வந்திருக்கிறார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மதிப்பீடு வரும்வரை மகன் யாரிடமும் சரி என்று சொல்லவேண்டாம்.

கடைசியாகக் கணுக்கால். டிராஃப்டுக்கு முன் இண்டியானாபோலிஸில் நடக்கும் தேர்வு முகாமில் அணி மருத்துவர்கள் அதைத் தாங்களே பார்ப்பார்கள், பழைய கோப்புகளையும் கேட்பார்கள். அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடமிருந்து முழு ஆவணமும், அணியோடு தொடர்பில்லாத எலும்பு மருத்துவர் ஒருவரின் இரண்டாவது கருத்தும் டிசம்பருக்குள் உங்கள் கையில் இருக்கட்டும். அந்த இரண்டாவது மருத்துவர் தயங்கினால், மதிப்பீட்டில் முதல் சுற்று என்று வந்தாலும் பெயர் கொடுப்பதற்கு முன் எனக்கு மறுபடி எழுதுங்கள்.